எடைக்கு வந்த நூலும் ஏட்டில் ஏறாத சொற்களும்

மொழி அறிஞர் அவையில் மட்டும் வாழ்வதன்று. உழுபவர் நாவிலும், களத்து மேட்டிலும், அடுப்படியிலும் அது வாழ்கின்றது. இதனை நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் தவறாமல் சொல்லி வருகின்றோம். ஆயினும் விடைத்தாளைத் திருத்த அமர்ந்தவுடன் இக்கருத்தை வசதியாக மறந்துவிடுகின்றோம். இம்முரண்பாட்டை நமக்கு உணர்த்தியது யாரோ ஒருவர் படித்துவிட்டு எடைக்குப் போட்ட ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பாகும். அந்நூலைப் பற்றியும் அது நமக்குப் புகட்டிய பாடத்தைப் பற்றியும் தமிழ்த்துறையின் இம்மலர் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும், உடன் பணியாற்றும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சில கூற விழைகின்றோம்.

நம் சொந்த ஊர் பேரையூர். மதுரையிலிருந்து திருமங்கலம், டி. கல்லுப்பட்டி வழியாகத் தென்மேற்கே சென்றால் மேற்கு மலைத் தொடரை நோக்கி விரியும் சமவெளியில் அமைந்த ஊர் அது. சுற்றிலும் பெரும்பகுதி கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண், ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் ஈரத்தை நெடுநாள் தன்னுள் காத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பியே பருத்தியும் சோளமும் கம்பும் அங்கு விளைந்தன. வானம் பார்த்த அந்தப் பூமியின் சம்சாரிகளோடு, கடைவீதியில் சிறு வணிகம் செய்துவந்த நம் அத்தாவும் கொடுக்கல் வாங்கல் கொண்டிருந்தார். ஆதலின் அவர்களுடைய பேச்சு நமக்குப் பிள்ளைப் பருவம் முதலே காதில் விழுந்த பேச்சாகும்.

2022ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, வீட்டில் சேர்ந்திருந்த பழைய நாளிதழ்களைக் கட்டிக்கொண்டு பழைய பேப்பர்க் கடைக்குப் போயிருந்தோம். தராசுத் தட்டில் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு இடையே அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கிடந்தது. நாம் அதைக் கையில் எடுத்துப் புரட்டுவதைக் கண்ட கடைக்காரர், “பழைய கதைப் புஸ்தகம் சார், இருபது ரூபா குடுத்துட்டு எடுத்துக்கங்க” என்றார். அவ்வாறே கொடுத்து எடுத்துக்கொண்டோம். அது கி. ராஜநாராயணன் தொகுத்து, சிவகங்கை அன்னம் பதிப்பகம் 1984இல் வெளியிட்ட ‘கரிசல் கதைகள்’ என்னும் நூல்.

இத்தொகுப்பின் அருமையை அறியாதார் பொருட்டு ஒரு சில கூறுதல் பொருந்தும். கி.ரா. என அன்போடு அழைக்கப்பெற்ற ராஜநாராயணன் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பையும் நிறைவு செய்யாத உழவர். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியராக அமர்த்திச் சிறப்பித்தது. ‘கோபல்லபுரத்து மக்கள்’ என்னும் புதினத்திற்காக 1991ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. 2021ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தபோது தமிழக அரசு மரியாதையுடன் அவரது இறுதிச் சடங்கு இடைசெவலில் நடைபெற்றது. அவரது நூல்களை வெளியிட்ட அன்னம் பதிப்பகத்தை நடத்திய கவிஞர் மீராவும் நம்மைப் போலத் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவரே. உழவர் ஒருவர் தொகுக்க, பேராசிரியர் ஒருவர் பதிப்பிக்க, ஒரு நிலப்பகுதியின் கதைகள் அந்நிலத்தின் பெயராலேயே நூலாயின.

வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நூலைப் பிரித்தோம். உரிமையாளரின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய முதல் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதிய சிறு சிறு குறிப்புகள் காணப்பட்டன. ஓரிடத்தில், ‘எங்க ஊர்ல இதை வேற மாதிரி சொல்லுவோம்’ என்றிருந்தது. மற்றோரிடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. நூலின் இறுதியிலிருந்த வெற்றுத் தாளில் ஏறத்தாழ நாற்பது சொற்கள் வரிசையாக எழுதப்பட்டு, எதிரே பொருளும் தரப்பட்டிருந்தது. படப்பு என்பதற்கு வைக்கோற்போர் என்றும், தொழு என்பதற்கு மாடு கட்டும் இடம் என்றும், தவசம் என்பதற்குத் தானியம் என்றும், மம்பட்டி என்பதற்கு மண்வெட்டி என்றும் அப்பட்டியல் நீண்டது. நூலைப் படித்த ஒருவர் தம் ஊர்ச் சொற்களையும் தேடித் தொகுக்கத் தொடங்கியிருக்கின்றார் என்பது தெளிவாயிற்று.

அவை எல்லாவற்றினும் நம்மை நிறுத்தி வைத்தது ஒரு கதையின் அடியில் இருந்த ஒரு குறிப்பாகும். ‘அய்யாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரிச்சார். இது நம்ம பேச்சால்ல இருக்குன்னார்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதும் அறியோம். அந்தத் தந்தை எழுத்தறியாதவராக இருந்திருக்க வேண்டும். அச்சேறிய தமிழ் ஒன்று தம்முடையதாகவும் இருக்கக்கூடும் என்பதை அவர் வாழ்நாளில் அன்றுதான் முதன்முறையாக அறிந்தாரோ என்னவோ! இக்குறிப்பைப் படித்தபோது நமக்கு மகிழ்ச்சியைக் காட்டிலும் நாணமே மிகுதியாக எழுந்தது. காரணத்தை மறைக்காமல் கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாமாண்டு மாணவர்க்கு ‘என் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். பேரையூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வரும் மாணவர் ஒருவர், தம் தந்தை ஒரு சம்சாரி என்றும், விடிந்ததும் காட்டுக்குப் போய்விடுவார் என்றும் எழுதியிருந்தார். நாம் சிவப்பு மையால் ‘சம்சாரி’யை அடித்து ‘விவசாயி’ என்றும், ‘காட்டுக்கு’ என்பதை அடித்து ‘வயலுக்கு’ என்றும் திருத்தினோம். இரண்டு மதிப்பெண்களையும் குறைத்தோம். அச்சொற்களின் பொருள் நமக்குத் தெரியாமலில்லை. அவற்றைக் கேட்டே வளர்ந்தவர் நாம். தெரிந்தே அடித்தோம் என்பதுதான் குற்றத்தைக் கூட்டுகின்றது.

அத்திருத்தம் எத்தகையது என்று இப்போது எண்ணிப் பார்க்கின்றோம். சம்சாரி என்பது வடமொழி வழி வந்தது என்பார் உளர். மெய்யே. ஆனால் நாம் அதனிடத்தில் இட்ட விவசாயி என்பதும் வடமொழி வழி வந்ததே. ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்ததனால் தமிழுக்கு வந்த நன்மை யாது? குடும்பத்தையும் மாட்டையும் மண்ணையும் ஒருசேரத் தாங்கி நிற்பவன் என்னும் பொருளைக் கரிசல் மக்கள் அச்சொல்லுக்குத் தம் வாழ்வினால் ஏற்றி வைத்திருக்கின்றனர். அப்பொருளை நாம் சிவப்பு மையினால் அழித்துவிட்டோம்.

காடு என்னும் சொல்லில் நேர்ந்த பிழை இன்னும் பெரிது. கரிசலில் காடு என்பது மரமடர்ந்த வனமன்று. மானாவாரிப் புன்செய் நிலம். வயல் என்றால் பாசன நீர் பாய்ந்து நெல் விளைவது. அம்மாணவரின் தந்தைக்குக் கிணறுமில்லை, கண்மாய்ப் பாசனமுமில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்து வாழும் புன்செய்க்காரர் அவர். ஒரு சொல்லில் அம்மாணவர் தம் குடும்பத்தின் நிலையைச் சொல்லியிருந்தார். நாமோ அக்குடும்பத்திற்கு இல்லாத வயலையும் இல்லாத நீரையும் எழுத்தில் கொடுத்து, மதிப்பெண்ணைப் பறித்துக்கொண்டோம். நாம் செய்தது மொழித் திருத்தமன்று. உண்மையைப் பொய்யாக்கிய செயல்.

இதே துன்பத்தை நாமும் ஒருகாலத்தில் பட்டவரே. பள்ளிப் பருவத்தில், முந்தைய நாள் வீட்டில் உண்டதைப் பற்றி எழுதுமாறு ஆசிரியர் ஒருவர் பணித்தபோது, நன்னி வைத்த ஆணத்தைப் பற்றி எழுதினோம். ‘ஆணம் என்று ஒரு சொல் உண்டா? குழம்பு என்று எழுது’ என்று அவர் வகுப்பறிய உரைத்தார். பிள்ளைகள் சிரித்தனர். வீட்டில் பேசுவது தமிழன்று என்னும் எண்ணம் அன்று நம் நெஞ்சில் விழுந்தது. பின்னாளில் கல்லூரியில் பயிலுங்காலத்து அகராதியைப் புரட்டினால், ஆணம் அங்கே தமிழ்ச் சொல்லாகவே வீற்றிருக்கக் கண்டு வியந்தோம். இவ்வளவும் பட்டறிந்த பின்னரும், சிவப்பு மைப் பேனா கைக்கு வந்தவுடன் அந்த ஆசிரியராகவே நாமும் மாறிப்போனோம். இதனை என்னென்பது!

இனி, இலக்கண மரபு இவ்வகையில் என்ன சொல்கின்றது என்பதையும் நோக்குவோம். தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகையாகப் பகுத்தனர் என்பதை இளங்கலை மாணவரும் அறிவர். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்து மக்கள் தத்தம் குறிப்பால் வழங்கும் சொல்லே திசைச்சொல். ஊர்ப்புற வழக்கு செய்யுளுள்ளும் புகுவதற்கு உரிமையுடையது என இரண்டாயிரம் ஆண்டுகளை ஒட்டிய இலக்கணம் இசைவளித்துள்ளது. உரையாசிரியர் சேனாவரையர் இதற்கு எடுத்துக்காட்டுத் தருமிடத்து, ஆவையும் எருமையையும் தென்பாண்டி நாட்டார் பெற்றம் என்று வழங்குவதைக் குறித்திருக்கின்றார். மாடு கட்டும் தொழுவத்துச் சொல்லைக் கேட்டு இலக்கண உரையில் பதிந்துவைத்த அப்பெருமகனார் எங்கே! அதே தென்பாண்டி நாட்டு மாணவன் எழுதிய சொல்லை அடித்த நாம் எங்கே!

கி.ரா. 1982இல் வெளியிட்ட ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ இந்த மரபின் தொடர்ச்சியே எனலாம். அவரைத் தொடர்ந்து பெருமாள் முருகன் கொங்கு வட்டாரத்திற்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டிற்கும் சொல்லகராதிகள் ஆக்கித் தந்தனர். இவர்கள் மூவரும் கதை எழுதுவோர் என்பது கருதத்தக்கது. கல்வி நிறுவனங்கள் செய்திருக்க வேண்டிய பணியைக் கதைஞர்கள் தாமே முன்வந்து செய்தனர். அந்நிறுவனங்களுள் நம் போன்ற தமிழ்த்துறைகளும் அடங்கும் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொண்டு ஆய்ந்தோம். பாலை மணல் பரந்த அரபு நாட்டை நாட்டுப் படலத்தில் ஆறும் வயலும் உழவரும் நிறைந்த தமிழ் நிலமாகவே உமறு பாடியிருக்கும் திறத்தைப் பக்கம் பக்கமாக வியந்து எழுதினோம். கேட்போர் மனத்தில் பதிய வேண்டுமாயின் அவர்தம் நிலத்தின் வழியாகவே சொல்ல வேண்டும் என்பது அப்புலவர் பெருமான் கண்ட நெறி. பதினேழாம் நூற்றாண்டுப் புலவரிடத்தில் நாம் போற்றிய அந்நெறியை, எதிரில் அமர்ந்திருந்த மாணவனிடத்தில் போற்றத் தவறினோம்.

நிற்க. இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய வினாக்களையும் நாம் எண்ணாமலில்லை. ஒவ்வோர் ஊராரும் தத்தம் வழக்கிலேயே எழுதினால், தஞ்சையார் எழுதியது நாஞ்சில் நாட்டார்க்கும், மதுரையார் எழுதியது யாழ்ப்பாணத்தார்க்கும் எங்ஙனம் விளங்கும்? கடல் கடந்தும் தமிழர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் பொதுத்தமிழ் இன்றியமையாதது அன்றோ? போட்டித் தேர்வு எழுதும் ஊர்ப்புற மாணவர்க்கு அதுவே ஏணி அன்றோ? இவை நியாயமான வினாக்கள். பொதுத்தமிழைக் கற்பிக்கும் கடமையிலிருந்து நாம் இம்மியும் விலகுதல் கூடாது. ஒற்றுப்பிழையும் ஒருமை பன்மை மயக்கமும் எந்த ஊர்க்காரர் எழுதினும் பிழையே. ஆனால் பிழை வேறு, வழக்கு வேறு. ஒன்று அறியாமையால் வருவது. மற்றது வாழ்வினால் வருவது. இரண்டிற்கும் ஒரே சிவப்பு மையைப் பயன்படுத்துவதையே நாம் தவறென்கின்றோம். பொதுத்தமிழைக் கற்பிக்கும்பொழுது வீட்டுத் தமிழை இழிவென்று கற்பிக்க வேண்டிய தேவை யாது?

மற்றொன்றும் சொல்லுதல் வேண்டும். கிராமக் கதைகளைப் போற்றுவோரிலும் சிலர் ‘மண் வாசனை’ என்னும் ஒற்றைத் தொடரோடு நின்றுவிடுகின்றனர். கொச்சைப் பேச்சையும் பழமொழியையும் சுவைத்துவிட்டு, அக்கதைகள் எழுப்பும் வழக்கை மறந்துவிடுகின்றனர். கி.ரா.வின் ‘கதவு’ என்னும் புகழ்பெற்ற சிறுகதையை எடுத்துக்கொள்வோம். தீர்வை கட்ட இயலாத ஏழை வீட்டின் கதவைப் பெயர்த்தெடுத்துச் சென்றுவிடுகின்றனர். அக்கதவைப் பற்றிக்கொண்டு விளையாடிய பிள்ளைகள் பின்னர் அது கிடக்கும் இடத்தைக் கண்டு தழுவிக்கொள்கின்றனர். கதவற்ற வீட்டின் குளிரையும் வரி தண்டும் முறையின் கொடுமையையும் உணராமல் அக்கதையின் வட்டார வழக்கை மட்டும் சுவைப்பது எத்தகைய படிப்பு?

அதே இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையோ பெரும்பாலும் எளிய பொதுத்தமிழில் அமைந்தது. தீபாவளி நாளில் பெற்றோரற்ற ஏழைச் சிறுவன் ஒருவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து அரவணைக்கும் வறிய தாயின் உள்ளத்தை அது காட்டுகின்றது. பூமணி 1979இல் வெளியிட்ட ‘பிறகு’ என்னும் புதினம், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் வாழ்வை நடுவில் வைத்துச் சாதியின் கொடுமையைப் பேசுகின்றது. ஆகவே கிராமியக் கதை என்பது அழகிய சொற்களின் கண்காட்சி அன்று. யாருடைய வாழ்வு எழுதத்தக்கது என்னும் வினாவுக்கு, எல்லோருடையதும் என்று அது தரும் விடையாகும். சொல்லை ஏற்றல் என்பது அச்சொல்லுக்கு உரியவரை ஏற்றலேயாகும்.

இவ்விடத்து நம் சமுதாயத்து மாணவர்க்கும் ஒன்று உரைப்போம். தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை 1988இல் நூலாக வெளியிட்டபோது, தேங்காய்ப்பட்டினத்துப் பேச்சு முதன்முறையாகத் தமிழ்ப் புதினத்தில் தலைநிமிர்ந்து நடந்தது. ‘சாய்வு நாற்காலி’க்கு 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. கடற்கரை முஸ்லிம்களின் வாழ்வு எழுத்தில் பெற்ற இடத்தை, மதுரைச் சமவெளியின் சிற்றூர்க் கடைவீதிகளில் சம்சாரிகளோடு கலந்து வாழும் நம் குடும்பங்களின் வாழ்வு இன்னும் பெறவில்லை என்றே எண்ணுகின்றோம். பருத்தி விளையாத ஆண்டில் காட்டிலும் துயரம், கடையிலும் துயரம். நோன்புக் கஞ்சி வாங்க எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு பள்ளிவாசலில் நின்ற மாலைப் பொழுதுகளை நாம் கண்டிருக்கின்றோம். இவற்றை எழுத வேறெவரோ வருவர் என்று காத்திருத்தல் தகாது. நம் மாணவரும் மாணவியரும் அன்றோ எழுத வேண்டும்!

இறுதியாகச் செயலில் கொள்ளத்தக்கன இரண்டினை முன்வைக்கின்றோம். முதலாவது, விடைத்தாள் திருத்துவோர் வட்டார வழக்கைக் கண்டால் அடித்தலைத் தவிர்த்து, அதனடியில் பென்சிலால் கோடிட்டு, பொதுத்தமிழ்ச் சொல்லை ஓரத்தில் எழுதுதல் வேண்டும். மதிப்பெண் குறைத்தல் வேண்டா. மாணவர் இரண்டு சொற்களையும் கற்பர், ஒன்றையும் இழவார். இரண்டாவது, துறையில் ஒரு சொல்லேடு திறத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் முதியோரிடம் கேட்டறிந்த பத்துச் சொற்களைப் பொருளோடும், சொன்னவரின் தொழிலோடும், ஊர்ப் பெயரோடும் எழுதித் தரட்டும். கமலை இறைத்தவர்கள் முதுமை எய்திவிட்டனர். மாடு கட்டி உழவு செய்த இடத்தில் டிராக்டர் வந்துவிட்டது. கம்பும் குதிரைவாலியும் விளைந்த காடுகளில் மக்காச்சோளம் நிற்கின்றது. பொருள் மறையும்பொழுது சொல்லும் உடன் மறையும். கேட்டெழுத நமக்கு வாய்த்த காலம் மிகக் குறுகியது.

இருபது ரூபாய்க்கு வாங்கிய அந்நூல் இப்பொழுது நம் துறை மேசையின்மீது உள்ளது. விரும்பும் மாணவர் எடுத்துச் சென்று படிக்கலாம். பென்சில் குறிப்புகளை மட்டும் எவரும் அழித்தல் கூடாது என்று கூறியுள்ளோம். அதனருகே நீண்ட கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி வைத்துச் சொல்லேட்டையும் தொடங்கிவிட்டோம். மதிப்பெண் இழந்த அம்மாணவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அந்த இரண்டு மதிப்பெண்களைத் திருப்பித் தரும் வழி நமக்கில்லை. ஆதலின் அந்நோட்டின் முதற்பக்கத்தில் சம்சாரி என்றும், அடுத்து காடு என்றும் நம் கையாலேயே எழுதினோம். மூன்றாவதாக ஆணம் என்று எழுதி, ‘குழம்பு, சொன்னவர் நம் நன்னி, ஊர் பேரையூர்’ என்று குறித்தோம். நான்காம் சொல் முதல் மாணவச் செல்வங்களே எழுதுவீர்களாக!